துண்டு முதல் கடனட்டை வரை: மாத முடிவில் பாக்கி வைக்காமல் இருப்பது ஏன் முக்கியம்?

மலையகத் தோட்டங்களில் மாதத்தின் 10ஆம் திகதி வாக்கில் சம்பளம் கைக்கு வரும். அன்று மாலை தோட்டத்தை ஒட்டிய கடைகளில் கொப்பிகள் திறக்கப்படும். அரிசி, மா, சீனி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், பிள்ளைக்கு வாங்கிய அப்பியாசக் கொப்பி என ஒரு மாதத்துச் சாமான்கள் எல்லாம் அதில் திகதி வாரியாக எழுதப்பட்டிருக்கும். கையில் உள்ள காசில் முடிந்ததைக் கொடுத்துவிட்டு, "மிச்சத்த அடுத்த சம்பளத்துல தாறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். கடைக்காரர் புதிய பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் "பழைய பாக்கி" என்று எழுதித் தொகையைப் போடுவார். புது மாதம் அந்த வரியோடுதான் தொடங்கும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. இன்று அது கடைக் கொப்பியில் மட்டும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் ஆசிரியர்களாக, வங்கி ஊழியர்களாக, கொழும்பிலும் ஹட்டனிலும் கடை, ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களாக வேலை செய்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளமும் வங்கிக் கணக்கும் வைத்திருப்பவர்கள் அவர்கள். முதன்முதலாகக் கடனட்டை கிடைப்பதும் அவர்களுக்குத்தான். அந்த அட்டையின் மாதக் கூற்றிலும் "முன்னைய நிலுவை" என்று ஒரு வரி இருக்கிறது. பெயர்தான் வேறு.

கடன் வாங்குவது தவறல்ல. மருத்துவமனைச் செலவும் பாடசாலைச் செலவும் சம்பள நாளைப் பார்த்து வருவதில்லை. ஆனால் மாத முடிவில் முழுவதுமாகக் கட்டி முடிக்கும் கடனுக்கும், ஒரு பகுதியைக் கட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளிக்கொண்டே போகும் கடனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மலையகத்தின் வரலாறு அந்த வேறுபாட்டைக் கசப்பாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது.

கடனோடு வந்து இறங்கியவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்களை அழைத்து வந்தவர்கள் கங்காணிகள். தோட்டத்துரையிடம் கங்காணி முற்பணம் பெறுவார். கிராமத்தில் குடும்பத்துக்கு இருந்த பழைய கடனைத் தீர்ப்பதற்கும், வழிச் செலவுக்கும், சாப்பாட்டுக்கும், கம்பளிக்கும் அது செலவாகும். அத்தனையும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்படும். ஆகவே ஒரு நாள்கூட வேலை செய்யும் முன்பே, மலையேறிய தொழிலாளி கடனாளியாக இருந்தார்.

சம்பளத்தில் அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழித்துக்கொண்டார்கள். கணக்குப் புத்தகம் கங்காணியிடமும் தோட்ட அலுவலகத்திலும் இருந்தது. எழுத வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்குத் தன் கடன் எவ்வளவு, அதில் எவ்வளவு கழிந்தது என்பது தெரிய வழி இல்லை.

வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் "துண்டு" வேண்டும். இன்ன தொகையைக் கொடுத்தால் இந்தத் தொழிலாளர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீர்ந்துவிடாது, ஒரு தோட்டத்துப் புத்தகத்திலிருந்து இன்னொரு தோட்டத்துப் புத்தகத்துக்கு மாறும். தொழிலாளர் தட்டுப்பாடு இருந்த காலத்தில் தோட்டங்கள் போட்டி போட்டு முற்பணத்தைக் கூட்டின. கூடிய தொகையும் தொழிலாளியின் தலையில்தான் ஏறியது. கடனைக் கைவிட்டு ஓடினால் சட்டம் பிடித்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம்.

இந்தத் தண்டனைப் பிரிவுகளுக்கு எதிராகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1919இல் அவர் தொழிலாளர் சேமநலச் சங்கமொன்றையும் அமைத்தார். இந்தியாவிலிருந்தும் அழுத்தம் வந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, கங்காணிகளின் பிடியை எதிர்த்துத் தொழிலாளரைத் திரட்டினார்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று. தொழிலாளியைக் கட்டி வைத்தது கடனின் தொகையைவிட, அது ஒருபோதும் பூச்சியத்துக்கு வராமல் இருந்ததுதான். கடன் முடிந்துவிட்டால் அவர் போகலாம். முடியாத வரையில், எங்கே வேலை செய்வது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது.

இன்றைய சம்பளச் சீட்டு

இன்று துண்டு இல்லை, கங்காணிக் கடன் இல்லை. ஆனால் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் கழிவுகள் வரிசையாக இருக்கும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக உயர்த்தி, வருகை ஊக்குவிப்பாக 200 ரூபாவை அரசு சேர்ப்பதாகவும் அறிவிக்கப்பட்டது. கேட்பதற்கு நல்ல எண்கள்தான். ஆனால் இது நாட்சம்பளம். எத்தனை நாள் பேர் விழுந்தது என்பதைப் பொறுத்தே மாதக் கணக்கு அமையும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 1,350 ரூபா வீதம் 22 நாள் பேர் விழுந்தால் 29,700 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,376 ரூபா கழியும். மிச்சம் 27,324 ரூபா. அதிலிருந்து தொழிற்சங்கச் சந்தா, தோட்டத்தில் எடுத்த சாமான், தீபாவளி முற்பணத்தின் மாதத் தவணை ஆகியவை போகும். கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப்பேர் போட்டிருந்தால் இந்தத் தொகையும் வராது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியிலும், நுவரெலியாப் பக்கம் பனி விழுந்து கொழுந்து கருகும் நாட்களிலும் வேலை நாட்கள் குறையும். கடைக் கொப்பியோ பிள்ளைகளின் பசியோ அதற்கேற்பக் குறைவதில்லை.

தீபாவளி முற்பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு வட்டி இல்லை, தவணை முறையில் கழித்துக்கொள்வார்கள். கடனில் அது நல்ல வகை. தொடக்கமும் முடிவும் தெரிந்த கடன், அடுத்த தீபாவளிக்கு முன் தீர்ந்துவிடும். 15,000 ரூபா வாங்கி 10 மாதத்தில் கழித்தால், மாதம் 1,500. கூடுதலாக ஒரு சதமும் இல்லை. இந்த உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கடன்களைப் பார்க்க வேண்டும்.

நுண்நிதி நிறுவனங்களின் குழுக் கடன் அப்படியல்ல. "20 வீத வட்டிதான்" என்று சொல்லி 50,000 ரூபா தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10,000 ரூபாவைச் சேர்த்து, மாதம் 5,000 வீதம் 12 மாதம் கட்ட வேண்டும். ஆனால் அந்த 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் உங்களிடம் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதலிலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். வட்டியை மட்டும் முழு முதலுக்கும் வாங்குகிறார்கள். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால், அந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 35 வீதம். கையெழுத்துப் போடும் முன் "இது முழு முதலுக்கான வட்டியா, குறைந்துவரும் நிலுவைக்கான வட்டியா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி பல ஆயிரம் ரூபாவைக் காப்பாற்றும்.

வன்னியில் கண்ட அதே பாடம்

வடக்கில் இருக்கும் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்கள் யுத்தத்தையும் கண்டார்கள், அதற்குப் பின்னர் வந்த கடன்காரர்களையும் கண்டார்கள். 2009க்குப் பின்னர் வீதி திறந்ததும் லீசிங் நிறுவனங்களும் நுண்நிதி நிறுவனங்களும் கிராமங்களுக்குள் வந்தன. கணவரை இழந்த பெண்களும், வாழ்வாதாரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியவர்களும் வீடு திருத்தவும், கோழி வளர்க்கவும், தையல் இயந்திரம் வாங்கவும் கடன் எடுத்தார்கள். ஒரு நிறுவனத்துத் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் எடுத்தார்கள். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், அயலவரே அயலவரின் வாசலில் நின்றார்கள்.

2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போவதாகச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பும் வந்தது.

தோட்டத்துத் துண்டிலும் வன்னியின் குழுக் கடனிலும் நடந்தது ஒன்றே. பழைய கடனைக் கட்டப் புதிய கடன் எடுத்தபோது கடன் முடியவில்லை. புத்தகம் மட்டும் மாறியது.

கடனட்டையில் என்ன நடக்கிறது?

இப்போது கடனட்டைக்கு வருவோம். உலகில் இந்த அட்டை முறை பரவத் தொடங்கியது 1950இல், நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டையோடு. அதில் மாத முடிவில் முழுத்தொகையையும் கட்டியே ஆக வேண்டும். மிச்சம் வைக்க இடமில்லை. 1958இல் பாங்க் ஒப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் வெளியிட்ட அட்டைதான் "கொஞ்சம் கட்டினால் போதும், மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம்" என்ற வசதியைப் பரவலாக்கியது. தள்ளப்படும் அந்த மிச்சத்துக்கு வட்டி. இன்று நம் கையில் இருக்கும் அட்டை இந்த இரண்டாவது வகை. ஆனால் அதை முதல் வகையாகப் பயன்படுத்துவதை எந்த வங்கியும் தடுக்க முடியாது.

உங்கள் அட்டைக்கு இரண்டு திகதிகள் முக்கியம். ஒன்று, அந்த மாதக் கணக்கை மூடும் கூற்றுத் திகதி. மற்றது, பணம் கட்ட வேண்டிய இறுதித் திகதி. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 20 நாள் இருக்கும். கூற்றுத் திகதிக்கு மறுநாள் ஒரு பொருளை வாங்கினால், அதற்குப் பணம் கட்ட ஏறக்குறைய 50 நாள் கிடைக்கும். அந்த 50 நாளுக்கும் வட்டி இல்லை. ஆனால் இறுதித் திகதிக்குள் முழுத்தொகையையும் கட்டினால் மட்டுமே இது பொருந்தும்.

ஒரு பகுதியை மட்டும் கட்டினால் என்ன நடக்கும்? "மிச்சத்துக்குத்தானே வட்டி போடுவார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். பல வங்கிகளின் நிபந்தனை அப்படி இல்லை. பொருள் வாங்கிய நாளிலிருந்தே முழுத் தொகைக்கும் வட்டி கணக்கிடப்படும். உதாரணமாக, கூற்றில் 50,000 ரூபா வந்திருக்கிறது. நீங்கள் 49,000 ரூபா கட்டி, 1,000 ரூபாவை மட்டும் விட்டீர்கள். ஆண்டுக்கு 28 வீத வட்டியில், 50,000 ரூபாவுக்கு 30 நாள் வட்டி மட்டும் சுமார் 1,150 ரூபா. 1,000 ரூபாவைப் பாக்கி வைத்ததற்கு, அதைவிடக் கூடிய தொகை வட்டியாகப் போகிறது. அதோடு, அடுத்த மாதம் வாங்கும் புதிய சாமான்களுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடலாம். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வட்டி வீதம் மாறிக்கொண்டே இருக்கும். 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 வீத வரம்பு இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் வரம்பு நீக்கப்பட்டதும் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டைக்கு 28 வீதம், நகை அடகுக்கு 18 வீதம் என உச்ச வரம்பு விதித்தது. உங்கள் அட்டைக்கு இன்று எத்தனை வீதம் என்பது மாதக் கூற்றில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பாருங்கள்.

குறைந்தபட்சக் கொடுப்பனவு என்ற பொறி

கூற்றில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்த நிலுவை. மற்றது குறைந்தபட்சக் கொடுப்பனவு, பொதுவாக நிலுவையில் ஒரு சிறு வீதம். கண்ணுக்கு இதமாகத் தெரிவது இரண்டாவது தொகைதான். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை, தொலைபேசி அழைப்பு வராது, பிரச்சினை முடிந்ததாகத் தோன்றும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு இலட்சம் ரூபாவுக்குக் கைத்தொலைபேசி ஒன்று வாங்குகிறீர்கள். வட்டி ஆண்டுக்கு 28 வீதம். ஒவ்வொரு மாதமும் நிலுவையில் 5 வீதத்தை மட்டும் கட்டுகிறீர்கள். அதன் பின்னர் அட்டையால் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து நீங்கள் கட்டிய மொத்தம் 90,000 ரூபாவுக்கு மேல். அப்போதும் மிச்சமிருக்கும் கடன் 50,000 ரூபாவுக்கு மேல். கைத்தொலைபேசியின் கண்ணாடி அதற்குள் உடைந்திருக்கும்.

அதே கடனுக்கு, குறைந்தபட்சத்தைப் பார்க்காமல் மாதம் 10,000 ரூபா என்று உறுதியாகக் கட்டினால் 12 மாதத்துக்குள் முடிந்துவிடும். கட்டும் மொத்தம் சுமார் 1,15,000 ரூபா. முதலிலேயே காசு சேர்த்து வாங்கியிருந்தால், அல்லது வந்த கூற்றை முழுவதுமாகக் கட்டியிருந்தால், ஒரு இலட்சத்தோடு முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் 2009இல் கொண்டுவந்த சட்டமொன்று, குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு ஆகும் என்பதை ஒவ்வொரு கூற்றிலும் அச்சிட வேண்டும் என்கிறது. அந்த எண்ணை மக்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது.

முழுவதுமாகக் கட்டுவது எப்படி?

முதலில், செலவழிக்கும்போதே காசை ஒதுக்குங்கள். அட்டையால் 3,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால், அதே நாளில் 3,000 ரூபாவை வேறு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒதுக்கக் காசு இல்லையென்றால், அந்தப் பொருளை வாங்க உங்களிடம் காசு இல்லை என்றே பொருள். கடைக் கொப்பியில் எழுதுவதைப் போல ஒரு சிறு கொப்பியில் திகதியோடு எழுதி வந்தாலும் போதும்.

இரண்டாவது, சம்பள நாளுக்கும் இறுதித் திகதிக்கும் பொருத்தம் பாருங்கள். சம்பளம் 25ஆம் திகதி வந்து, இறுதித் திகதி 20ஆக இருந்தால், காசு கரைந்த பிறகுதான் கட்ட வேண்டியிருக்கும். கூற்றுத் திகதியை மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள்.

மூன்றாவது, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாட்டைச் செய்தால், படிவத்தில் "முழுத்தொகை" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பலர் கவனிக்காமல் "குறைந்தபட்சத் தொகை" என்ற பெட்டியில் அடையாளமிட்டுவிட்டு, மாதா மாதம் கட்டி வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவது, அட்டையால் ஏ.ரி.எம். இயந்திரத்தில் காசு எடுக்காதீர்கள். அதற்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணமும் உண்டு. அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டு வீட்டில் நகை இருந்தால், வங்கி அடகின் வட்டி கடனட்டை வட்டியைவிடப் பொதுவாகக் குறைவு.

ஐந்தாவது, வட்டியில்லாத் தவணைத் திட்டம். கைத்தொலைபேசிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் 12 மாதத் தவணை என்று கடைகளில் விளம்பரம் இருக்கும். சேவைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஒவ்வொரு மாதத் தவணையும் உங்கள் கூற்றில் வரும், அதையும் சேர்த்துத்தான் முழுத்தொகை. மூன்று நான்கு தவணைகள் ஒன்றாகச் சேர்ந்தால் சம்பளத்தில் பாதி முன்கூட்டியே போய்விடும்.

ஆறாவதுதான் மிகக் கடினமானது. லயத்தில் ஒருவருக்கு அட்டை இருப்பது தெரிந்தால், "தம்பி, ஒரு போன் மட்டும் எடுத்துக் குடு, மாசா மாசம் தந்திர்றேன்" என்று கேட்பவர்கள் வருவார்கள். மாமா கேட்பார், அண்ணன் கேட்பார். மறுப்பது எளிதல்ல. ஆனால் அவர் ஒரு மாதம் தவறினாலும் வங்கி உங்களைத்தான் கேட்கும். கொடுக்க முடிந்த அளவு காசைக் கையில் கொடுத்து உதவுங்கள். அட்டையைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பாக்கி சேர்ந்திருந்தால்

வெட்கப்பட்டு ஒளிவதால் வட்டி நிற்காது. முதலில் அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குறைந்தபட்சத்தைவிடக் கூடிய ஒரு தொகையைத் தீர்மானித்து, நிலுவை குறைந்தாலும் அதே தொகையைத் தொடர்ந்து கட்டுங்கள். பல கடன்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றுக்கும் உரிய தவணையைக் கட்டிக்கொண்டே, வட்டி கூடியதை முதலில் தீர்க்கப் பாருங்கள்.

நிலுவை பெரிதாக இருந்தால் வங்கிக்கு நேரில் போய், அதைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தவணை தவறிய பின்னர் போவதைவிட அதற்கு முன்னர் போவது நல்லது. கடனட்டைப் பாக்கியை அடைக்க நுண்கடனோ கைத்தொலைபேசிச் செயலிக் கடனோ எடுக்காதீர்கள். வன்னியிலும் தோட்டத்திலும் குடும்பங்கள் சிக்கியது அந்த வழியில்தான்.

உங்கள் கொடுப்பனவு வரலாறு கொடுகடன் தகவல் பணியகத்தில் பதிவாகிறது. மக்கள் "கிரிப்" என்று சொல்வது அதைத்தான். நாளை வீடு கட்டவோ முச்சக்கர வண்டி வாங்கவோ கடன் கேட்டால், வங்கி முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். உங்கள் அறிக்கையை நீங்களும் கேட்டுப் பெறலாம். வங்கியோ நிதி நிறுவனமோ நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்றால், முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். கையெழுத்திடும் ஆவணத்துக்குத் தமிழில் விளக்கம் கேட்கத் தயங்காதீர்கள். நம் தாத்தா பாட்டிமார் தம் கணக்கை வாசிக்க முடியாமல்தான் ஏமாந்தார்கள்.

யாரால் முடியும், யாரால் முடியாது

மாதச் சம்பளம் பெறும் ஒருவரால் கடனட்டையை மாதா மாதம் முழுவதுமாகக் கட்ட முடியும். முடியாவிட்டால் அட்டையை வைத்திருக்காமல் இருக்கலாம். அது அவருடைய கையில் இருக்கிறது. ஆனால் நாட்பேருக்கு வேலை செய்யும் கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம், "கடைப் பாக்கியை மாதா மாதம் முடித்துவிடு" என்று சொல்வது சுலபம். மழைக்கும் வறட்சிக்கும் நிறைக்கும் ஏற்ப ஏறி இறங்கும் சம்பளத்தில், அவரால் அது எல்லா மாதமும் முடியாது. அதை அவருடைய சிக்கனக் குறைவு என்று யாரும் சொல்லக்கூடாது. நிலையான வேலை நாட்களும், வாழப் போதுமான சம்பளமும், ஒளிவில்லாத கணக்கும் கிடைத்தால்தான் பாக்கியில்லாத மாதம் அவருக்கும் சாத்தியமாகும். 1921இல் துண்டை ஒழித்தது தனி மனிதரின் சிக்கனம் அல்ல, சட்டமும் போராட்டமும்தான்.

அதுவரை, அந்தத் தாயின் பிள்ளைக்கு ஒரு பொறுப்பு உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கிடைத்த அட்டையை இன்னொரு கொப்பியாக ஆக்கிவிடாமல் இருக்க வேண்டும். இந்த மாதக் கூற்று வந்ததும் குறைந்தபட்சத் தொகை அச்சிட்ட இடத்தைப் பார்க்காதீர்கள். மொத்த நிலுவையைப் பாருங்கள், அதைக் கட்டுங்கள். அடுத்த மாதக் கூற்றில் "முன்னைய நிலுவை"யும் அதற்கு நீங்கள் கட்டிய தொகையும் சமமாக இருக்கும். புதிய மாதம் பழைய பாக்கி இல்லாமல் தொடங்கும்.